ரூலியின் சைக்கிள் பை

என் தங்கை ரூலிக்குக் கார் ஓட்டத் தெரியாது. உரிமம் வாங்கப் போன ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு வியர்த்து ஊற்றியிருக்கிறது. கடைசியாகப் போனபோது அந்த மனுஷர் இறங்கி நின்று, "உங்களுக்குச் சைக்கிள் நல்லா ஓட்ட வருமில்ல?" என்று கேட்டாராம். அதோடு விட்டாள். நானோ நெதர்லாந்தின் இந்த க்ரோனிங்கன் ஊரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பஸ் ஓட்டியவளுக்குச் சைக்கிள்காரர்களைக் கண்டால் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கை காட்டாமல் திரும்புவார்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருவார்கள், ஹாரன் அடித்தால் நம்மையே முறைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள். என் தலையெழுத்து!

ரூலி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். காலையில் கிளம்பினால் மத்தியானம்வரை சைக்கிள்தான். மழை பெய்தால் அந்தச் சரசரக்கும் மழைக் கால்சட்டையை மாட்டிக்கொள்வாள். எதிர்காற்று அடித்தால், காற்று ஏதோ கடன்காரன் மாதிரி, அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிதிப்பாள். திராட்சை ரொட்டியை ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் ஓட்டுவாள். கனமான கறுப்புச் சைக்கிள் அது. பின்பக்கம் வலப்புறத்துக் கம்பியில் அவளுடைய வேலைப் பை தொங்கும். கையுறை, ஊசி, குழாய், கட்டுத் துணி, கைபேசி எல்லாம் அதற்குள். நோயாளி வீட்டு வாசலில் இறங்குவாள், பையைக் கழற்றுவாள், வேலை முடிந்து வந்ததும் திரும்ப மாட்டுவாள். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டால்தான் மிதியில் கால் வைப்பாள். வீட்டில் இருக்கும்போதும் பை சைக்கிளில்தான் தொங்கும், சைக்கிள் வாசல் நடையில் நிற்கும். அவளுக்கு அந்தப் பையும் சைக்கிளும் ஒரே உடம்பு.

அவளுடைய நோயாளிகளில் யெல்மர் என்று ஒருவன். பத்தொன்பது வயதில் ஆழம் தெரியாமல் ஏரியில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தை உடைத்துக்கொண்டவன். இப்போது முப்பது தாண்டிவிட்டது. தோளுக்குக் கீழே எதுவும் அசையாது, எதுவும் உறைக்காது. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஊருக்கே சேர்த்து உழைக்கும். கணினியோடு பேசிப் பேசியே வேலை பார்த்துச் சம்பாதிக்கிறான். தனி வீட்டில், கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். ரூலி தினமும் காலையில் அவனிடம்தான் முதலில் போவாள். ரூலிக்குப் பிள்ளை இல்லை, உடனே நீங்கள் அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். இரண்டு பேரும் பார்த்த நேரமெல்லாம் சண்டைதான் போடுவார்கள்.

அவன் சிறுநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் வெளியே வந்து ஒரு பையில் சேரும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஆபத்து. நமக்கென்றால் வயிறு வலிக்கும், கத்துவோம். அவன் உடம்புக்குக் கத்தத் தெரியாது. அதற்குப் பதிலாக ரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். ஏறிக்கொண்டே போய் மூளையில் நரம்பு வெடித்துவிடும். பழைய குழாயை எடுத்துப் புதுக் குழாய் போட்டுவிட்டால் உடனே இறங்கிவிடும். போடாவிட்டால் ஆளே போய்விடுவான். இதை ரூலி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சனவரியில் ஒரு நாள், ராத்திரி முழுக்க மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. காலையில் சன்னலைத் திறந்தால் ஊரே கண்ணாடி போட்டு மூடிய மாதிரி இருந்தது. ரேடியோவில் சிவப்பு எச்சரிக்கை. பஸ் இல்லை, ரயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் தெருவில் நாலு பேர் அடியில் கத்தி வைத்த ஸ்கேட்ஸ் காலணியை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரூலி என் அடுப்படிக்கு இறங்கி வந்து, நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். யெல்மருக்குப் போடப் போகும்போது அவனே கூப்பிட்டுவிட்டான்.

"ரூலி, தலை வெடிக்குது."

"எப்ப இருந்து?"

"முழிச்சதுல இருந்து. மூஞ்சியெல்லாம் எரியுது. வேர்த்துக் கொட்டுது. மூத்திரப் பையில ஒரு சொட்டு இல்ல."

ரூலியின் முகம் வெளுத்துப் போனது. போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கோட்டை மாட்டினாள். யெல்மருக்கு எதிர் வீட்டுப் பெரியவரிடம் அவன் வீட்டுச் சாவி உண்டு. அவரை வரவழைத்து அவனை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னாள், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள், டப்பாவில் இருந்த ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுக்கச் சொன்னாள். மனுஷர் சொன்னதெல்லாம் செய்தார். குழாய் மடங்கவில்லை, அடைத்திருந்தது. அவன் வீட்டில் மாற்றுக் குழாயும் இல்லை. கடைசியாக இருந்ததைப் போன வாரம் போட்டாயிற்று, புதுப் பார்சல் அன்றைக்குத்தான் வர வேண்டும். எந்தப் பார்சல் வரும், அந்தப் பனியில்?

நான் என் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். "வர்றோம்மா. ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. எங்க வண்டியே ரெண்டு பள்ளத்துல கிடக்கு" என்றான் ஒருவன். அவனைத் திட்டி என்ன பயன்? திட்டினேன், அது வேறு.

அதற்குள் ரூலி கைபேசியைப் பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளை வெளியே உருட்டிவிட்டாள்.

"அடியே, உனக்குப் பைத்தியமா? மனுஷன் நிக்கவே முடியல, நீ சைக்கிள எடுக்கிற!"

"மெதுவா போனா போயிடலாம்க்கா."

தெருமுனைவரை போனாள். அங்கே திரும்பியதும் சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் வாசலில் நின்று பார்த்து ஐயோ என்று கத்தினேன். எழுந்தாள். சைக்கிளை அங்கேயே ஒரு வேலியில் சாய்த்துவிட்டு, வேலியைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி வந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்கக்கூட இல்லை. மாடிக்கு ஏறி ஸ்கேட்ஸை எடுத்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து கட்டினாள். அவசரத்தில் முடிச்சு விழவில்லை, நான்தான் குனிந்து கட்டிவிட்டேன்.

"பாத்துப் போடி."

ஒரு தள்ளு, இரண்டு தள்ளு, அவ்வளவுதான், கொர்ரெவேக் சாலையில் போய் மறைந்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, சறுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

நான் உள்ளே வந்து காபி ஊற்றினேன், குடிக்கப் பிடிக்கவில்லை. அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது. வேலியிலிருந்து சரிந்து சைக்கிள் பாதையில் குறுக்கே கிடந்தால் எவனாவது விழுந்து தொலைப்பான். காலணிக்கு மேலே கம்பளிச் சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டேன். பனியில் வழுக்காமல் நடக்க எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். இடுப்பு மூட்டு மாற்றியவள் நான், ஸ்கேட்ஸ் எனக்கு ஆகாது. வேலி வேலியாகப் பிடித்து முனைக்குப் போனேன். சைக்கிள் சரிந்துதான் கிடந்தது. குனிந்து தூக்கினேன்.

வலப்பக்கம் கனத்தது.

பை. கொக்கியோடு, ஒழுங்காக, மாட்டினது மாட்டினபடி தொங்கிக்கொண்டிருந்தது. "அடிப்பாவி!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். கைபேசியும் அதற்குள்தான். என் போனோ வீட்டில் மேசை மேல். திரும்பிப் போய் எடுத்து யாரைக் கூப்பிடுவது, எதற்குக் கூப்பிடுவது? பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

நடை என்று அதைச் சொல்லக் கூடாது. புல் இருந்த இடத்தில் புல்லில் ஏறினேன், புல்லும் நொறுங்கி வழுக்கியது. நிறுத்தியிருந்த கார்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். என் பஸ் ஓடிய சாலைதான் அது, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் போவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இடுப்பு குத்தியது. ரூலி இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள், வெறுங்கையோடு அவன் முன்னால் நிற்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பாலத்தடிக்கு வரும்போது ஒரு பெண் நடுரோட்டில் குனிந்த வாக்கில் சீறிக்கொண்டு வந்தாள். நீளக் கத்தி வைத்த ஸ்கேட்ஸ், காதில் பாட்டு. என்னை உரசிக்கொண்டு போனதில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்தினேன்.

வளைந்து திரும்பி வந்தாள். நாற்பது வயதிருக்கும், கடுகடுத்த முகம். "நடுரோட்டுல சாக்ஸ் போட்டுக்கிட்டு நடக்கிறது நீங்க. என்னச் சொல்றீங்களா?"

"ரோடு உங்க அப்பன் வீட்டு மைதானமா?"

"இன்னிக்கு ஒரு நாளாவது கார் இல்லாம கிடக்குது. சறுக்கினா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"இடுப்புல வலிக்குது! இப்பதான் தள்ளிவிட்டியே!"

அப்போது மணி அடித்தது. பைக்குள் ரூலியின் கைபேசி. விழுந்து கிடந்தபடியே துழாவி எடுத்தேன். யெல்மரின் பெயர் தெரிந்தது. எடுத்தால் பேசியது ரூலி.

"யாரு? யாரு பேசுறது? என் பை—"

"எங்கிட்ட இருக்குடி. பாலத்தடியில இருக்கேன்."

மிக மெதுவாக, அவன் காதில் விழக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்: "அக்கா, அழுத்தம் இருநூத்தி முப்பது. மாத்திரை வேல செய்யல. கண்ணு மங்குதுங்கிறான். பழைய குழாய உருவிட்டேன், ஒண்ணும் வரல. எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் பாலத்தை ஏறிட்டுப் பார்த்தேன். ஏற்றம் முழுக்கப் பளபளவென்று இருந்தது. அதற்கு அப்பால் அந்தக் குடியிருப்பு, சந்துக்குள் சந்தாகச் சுற்றுகிற தெருக்கள். என் இடுப்புக்கு அது ஒரு மணி நேர வேலை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். காதிலிருந்து பாட்டை எடுத்துவிட்டிருந்தாள்.

"நீ வேகமாப் போவியா?" என்று கேட்டேன்.

"என்ன விஷயம்?"

"ஒரு உயிரு போய்க்கிட்டிருக்கு. இந்தப் பை போய்ச் சேரணும். பாலம் தாண்டி, உள்ள. போன்லயே என் தங்கச்சி வழி சொல்லுவா."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினாள். அந்த இடத்தில் நான் ஒரு வினாடி கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். யார் எவள் என்று தெரியாது, இப்போதுதான் சண்டை போட்டோம். பையில் மருந்தெல்லாம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டால்? விழுந்து கிடந்தவளுக்கு இந்தப் புத்தி ஒன்றுதான் குறைச்சல். கொடுத்தேன். கைபேசியையும் கொடுத்தேன். போனில் ரூலியிடம், "இப்ப ஒரு பொம்பள பேசுவா, அவளுக்கு வழி சொல்லு" என்று கத்தினேன்.

பையை முதுகில் குறுக்காக மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஏற்றத்தில் அவளுடைய நீளக் கத்திகள் பிடிக்கவில்லை. பாதியில் கால் வாரி முகம் குப்புற விழுந்தாள். கிடந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று நான் தரையைக் கையால் அடித்தேன். எழுந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினாள். உச்சியில் ஒரு தடவை நிமிர்ந்து, அந்தப் பக்கம் இறங்கிக் காணாமல் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. போன் இல்லை. கேட்க ஆள் இல்லை. பாலத்துக் கம்பியைப் பிடித்து நானும் ஏறினேன். இறங்கும்போது உட்கார்ந்தே இறங்கினேன். வெட்கம் பார்க்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாளா, வழி தப்பினாளா, குழாய் உடைந்ததா, யெல்மர் இருக்கிறானா? ஒவ்வொரு கார்க் கதவையும் பிடிக்கும்போது ஒன்று நினைத்தேன். நல்லதை ஒரு தடவை, கெட்டதை ஒன்பது தடவை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டேன். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களை அறையலாம் போல இருந்தது.

யெல்மர் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. எதிர் வீட்டுப் பெரியவர் நடையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் அவரைத் தாண்டிப் போனேன்.

யெல்மர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் அந்தப் பெண், ஸ்கேட்ஸைக்கூடக் கழற்றாமல், அவன் முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மோவாய் பிளந்து ரத்தம் அவன் சட்டையில் ஒழுகியிருந்தது. ரூலி தரையில் முழங்காலிட்டு, ஒரு கையில் புதுக் குழாயைப் பிடித்தபடி, அழுத்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மூத்திரப் பை நிரம்பிக்கொண்டிருந்தது.

"நூத்தி அறுபது" என்றாள் ரூலி. கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தி முப்பது."

யெல்மர் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். "மோய், பஸ்ஸம்மா" என்று எங்கள் ஊர் வணக்கம் சொன்னான். "வழக்கம் போல லேட்டு."

நான் சுவரில் சாய்ந்து சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணிடம், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். ஃபென்னா என்றாள். "கண்ணு முதுகுலயான்னு திட்டினீங்கல்ல, இப்ப இந்த ஆளயே தாங்கிப் பிடிக்க வச்சிட்டீங்க" என்றாள், மோவாயைத் துடைத்துக்கொண்டு.

ரூலி கையுறையைக் கழற்றினாள். ஒழுங்காக மடித்தாள். குழாயை ஒட்டினாள், போர்வையை இழுத்துவிட்டாள், எல்லாம் அவள் தினமும் செய்கிற மாதிரியே. செய்ய வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யெல்மர், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "வாசல்ல வந்து நின்னு பைய எடுக்கக் கைய நீட்டினேன். பின்னாடி சைக்கிளே இல்ல. அதுவரைக்கும் எனக்குப் பை நெனப்பே வரல. எங்கூடதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். நீ செத்திருப்ப. நான் மறந்ததால செத்திருப்ப."

யெல்மர் கண்ணை மூடிக்கொண்டான். தலைவலியா கோபமா தெரியவில்லை.

"நாளைக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்" என்றாள் ரூலி. "ஆபீஸ்ல சொல்லிடறேன். உனக்கு நம்பிக்கை இருக்காது. அது நியாயம்தான்."

"வேற யாரு?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"யாராவது. நல்லவங்க இருக்காங்க."

"அவங்கள்ளாம் கார்ல வருவாங்களே. பனி இன்னும் ரெண்டு நாள் இருக்குமாம்." பேசுவதற்கு அவனுக்கு மூச்சு வாங்கியது. "கார் வைக்க இடம் தேடி, ரோடு சரியில்லன்னு போன் பண்ணி, மன்னிப்புக் கேப்பாங்க. நீ முட்டி கிழிஞ்சு வந்து நின்ன. வெறுங்கையோட வந்து நின்னாலும், நீ உள்ள வந்ததும்தான் நான் பயப்படறத நிறுத்தினேன். நாளைக்கு நீ வா, ரூலி. தினமும் நீ வா."

ரூலி முன்னால் சரிந்து, போர்வைக்கு மேலே அவன் முழங்கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. கண்ணீர் போர்வையை நனைத்துக்கொண்டு இறங்கியது. அந்த ஈரமும் அவள் தலையின் கனமும் அவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் ஃபென்னாவிடம், "என்னக் கொஞ்சம் முன்னாடி சாய்ங்க" என்றான். அவள் மெல்லச் சாய்த்தாள். அவன் குனிந்து, தன் கால்மேல் கிடந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.